செல்வராணியின் குரல் கிடந்த டிஸ்க்

1. காற்று மட்டும் வந்த அழைப்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் கண்ணை மூடாவிட்டால் சாயங்காலம் வரை யார் மேலாவது எரிந்து விழுவேன். அன்றைக்கும் அப்படித்தான் படுத்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் ஆள் குரல் இல்லை. அடுப்பை ஊதுகிற மாதிரி காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. வைத்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. மறுபடியும் அதே காற்று. "வேற வேலையே இல்லையா ஒங்களுக்கு?" என்று திட்டிவிட்டு வைத்தேன்.

மூன்றாவதாக வந்தது காஜா பாயின் நம்பர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெக்கார்டிங் கடை வைத்திருப்பவர். அவர் கடைக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தது நான்தான்.

"மேடம், கட் பண்ணிராதீங்க. மொத ரெண்டு தடவ அடிச்சது நம்ம கடைப் பிள்ளை செல்வராணி. அது பேசுனது ஒங்களுக்குக் கேட்டுருக்காது. கம்ப்யூட்டர் போச்சு மேடம். கறுப்பா வந்து, எழுத்து எழுத்தா ஓடி, நின்னுருச்சு."

"கடைசி வரி என்னன்னு வாசிங்க பாய்."

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, fsck-ஐக் கையால் ஓட்டவும் என்று அர்த்தம் வந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"எதுத்த கம்ப்யூட்டர் கடைக்காரரு ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுத் தாரேங்கறாரு. போடச் சொல்லவா?"

"பாய்! ஃபார்மட் அடிச்சா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும். அவரை மாடிப்படி ஏற விடாதீங்க. சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. நான் வாற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மில்லில் யூனிக்ஸ் மெஷின் இருந்தது. கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும், அது மறுபடி எழுந்திருக்கும்போது fsck ஓட ஆரம்பிக்கும். டிஸ்க்கில் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்து, கோணலாகிப் போனதை நிமிர்த்தும் புரோகிராம் அது. நாங்கள் "எஃப் எஸ் செக்" என்போம். மேனேஜர் பின்னால் வந்து நின்றுகொண்டு, "என்னம்மா, இன்னும் எம்புட்டு நேரம்?" என்பார். "அது முடிக்கிறப்ப முடிக்கும் சார்" என்பேன். அவர் போனதும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மழை விழுவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு அந்த வேலையில் பிடித்த நேரமே அதுதான். இதை வாசிக்கிற இளம் பிள்ளைகள் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள்.

2. ஊருக்குச் சொன்னோம்

காஜா பாய் கடை ஒரு பால்கோவா கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குப் பால் சுண்டுகிற வாசனை படி ஏறி வந்து அறை முழுக்க உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வீதி வீதியாகப் போகும் அறிவிப்புகளை அங்கேதான் பதிவு செய்வார்கள். நாளைக்குக் கரண்ட் இருக்காது, குழாயில் தண்ணீர் வராது, இன்னார் காலமானார், புடவைக்குத் தள்ளுபடி. எல்லாமே செல்வராணி குரல்தான். வ. புதுப்பட்டியிலிருந்து தளவாய்புரம் வரை அந்தக் குரலைத் தெரியாத வீடு கிடையாது. அந்த முகத்தைத் தெரிந்த வீடுகள் குறைவு.

பிறகு அவள் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது அவள் பேசினால் பக்கத்தில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். போனில் சுத்தமாகக் கேட்காது. அதனால் அவள் போன் பேசுவதையே விட்டுவிட்டாள் என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு எனக்கு இரண்டு தடவை அடித்திருக்கிறாள். பஸ்ஸில் போகும்போது அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. மேற்கே மலை பூராவும் மேகத்துக்குள் போயிருந்தது. பாதி பஸ் தூங்கிக்கொண்டிருந்தது.

குரல் போன பிறகும் அவளுக்கு அந்தக் கடையில் வேலை இருந்தது. காரணம், அவள் முன்பு பேசியதெல்லாம் சொல் சொல்லாக வெட்டி, அந்தக் கம்ப்யூட்டரில் "குரல்" என்ற ஃபோல்டரில் கிடந்தது. நாளை, காலை, மணி, காலமானார், ரத வீதி, அனைவரும் வருக. ஊரில் புழங்கும் ஆள் பெயர்களும் உண்டு. புது அறிவிப்பு வந்தால் அந்தச் சொற்களை எடுத்து அவளே ஒட்டுவாள். ஆனால் ஹெட்போன் மாட்ட மாட்டாள். ஃபைலின் பெயரையும், திரையில் தெரியும் அலைக்கோட்டையும் கண்ணால் பார்த்தே ஒட்டுவாள். கடைசியில் பாய் ஒரு முறை கேட்டுச் சரி சொல்வார். ஆபரேஷனுக்குப் பிறகு தன் பழைய குரலை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளிடம் அதைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். பாய், செல்வராணி, ஆட்டோ ஓட்டும் முனியாண்டி. மூன்று பேர் முகத்திலும் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக் களை.

"இன்வெர்ட்டர் இருக்குல்ல பாய்? கரண்ட் போனா மெஷின் எப்படி விழுந்துச்சு?" என்றேன்.

பாய் முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி தரையைப் பார்த்தான்.

"ஆட்டோ பேட்டரி வீக்கா இருந்துச்சு மேடம். மைக் செட்டு இழுக்கல. அதான் இன்வெர்ட்டர் பேட்டரியக் கழட்டி ஆட்டோல வச்சுக்கிட்டுப் போனேன். எப்பவும் அப்படித்தான் செய்யறது. பொறவு கொண்டாந்து மாட்டிருவேன். நேத்து மாட்ட மறந்துட்டேன்."

"நேத்து என்ன அறிவிப்புக்குப் போன?"

அவன் தலையைச் சொறிந்தான். பாய்தான் பதில் சொன்னார்.

"இன்னைக்கு மின்தடைன்னு அறிவிக்க மேடம். ஊருக்கெல்லாம் சொன்னோம். நமக்கு நாமளே சொல்லிக்கிடல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரம் இல்லை என்று அடக்கிக்கொண்டேன். சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போயிருக்கிறது. பிறகு வந்து வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழைய டிஸ்க், எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்க, விழுந்து விழுந்து எழுந்திருக்கிறது.

"சரி, நான் வச்சுக் குடுத்த பேக்கப் டிஸ்க் எங்க?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பேரும் சேர்ந்து தரையைப் பார்த்தார்கள். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் பாட்டு ஏற்ற இடம் போதவில்லையாம். "குரல்" ஃபோல்டரை அதிலிருந்து அழித்துவிட்டுப் பாட்டை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். "அதான் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்குதேன்னு..." என்று இழுத்தான் முனியாண்டி. நான் அவனைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

செல்வராணி என் தோளைத் தொட்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அக்கா, எல்லாம் உள்ள இருக்குமா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்கலாம் என்றேன்.

பாய் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனார். "இப்ப மெஷின் குரல் வந்துருச்சு மேடம். எழுதிப் போட்டா அதுவே பேசுது. எல்லாக் கடைக்காரவியளும் அதுக்கு மாறிட்டாவ. சாவுச் செய்தியக்கூட சோப்பு விக்கிற மாதிரிதான் சொல்லுது, ஆனா சல்லிசு. இந்த டிஸ்க் வரலேன்னா நானும் மாறணும். அப்ப இந்தப் பிள்ளைக்கு இங்க என்ன வேலன்னு நான் சொல்லுவேன்?"

3. ஐந்து பாஸ்

இளம் பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டுமாவது ஒழுங்காக வாசியுங்கள். அடிபட்ட டிஸ்க்கின் மேல் நேராக fsck ஓட்டாதீர்கள். அது சரி செய்கிறேன் என்று எழுத ஆரம்பித்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி கிடையாது. முதலில் டிஸ்க்கைக் கழற்றி, அப்படியே முழுசாக வேறு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். வைத்தியமெல்லாம் நகலுக்குத்தான். முனியாண்டியை இன்வெர்ட்டர் பேட்டரியைத் திரும்ப மாட்ட வைத்து, புது டிஸ்க் வாங்கி வர அனுப்பினேன். பறந்துகொண்டு போய் வந்தான்.

நகல் எடுப்பது மெதுவான வேலை. வாசிக்க முடியாத இடம் வந்தால் நின்று, தடவித் தடவிப் பார்த்து, தாண்டிப் போகும். டிஸ்க் உள்ளே "டிக், டிக்" என்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கோபுரம் முதலில் மங்கலாகி, பிறகு காணாமலே போயிற்று. கீழே பால் கிண்டும் கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பாய் தொழப் போய்விட்டு வந்தார். செல்வராணி என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். எனக்கு விட்டுப்போன மதியத் தூக்கம் கண்ணில் வந்து நின்றது. தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று தெரியாத ஒரு நிலை. அந்த அறை தரையில் இல்லாமல் மழைக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது.

நகல் முடிந்தது. முதலில் fsck-ஐ எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் சொன்னேன். எல்லாக் கேள்விக்கும் அதுவே "இல்லை" என்று பதில் சொல்லிக்கொண்டு போகும். என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். மொத்தம் ஐந்து பாஸ், அதாவது ஐந்து சுற்று. முதல் பாஸில் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தன. இரண்டாவது பாஸில் ஃபோல்டர்களைப் பார்க்கும்போது நின்று கத்தியது. "குரல்" ஃபோல்டர் சிதைந்து போயிருந்தது.

செல்வராணி என் கையைப் பிடித்தாள். "போச்சாக்கா?"

"போகல. சொல்றேன் கேளு" என்றேன்.

ஃபைலின் பெயர் ஃபைலுக்குள் இருக்காது. அது ஃபோல்டரில் இருக்கும். ஃபைலுக்கென்று டிஸ்க்குக்குத் தெரிந்தது ஒரு எண்தான். ஐநோடு நம்பர் என்போம். ஃபோல்டர் போய்விட்டால் பெயர்கள் போய்விடும். ஃபைல்கள் அங்கேயே இருக்கும், ஆனால் யாருடையவை, எங்கே இருந்தவை என்று சொல்ல ஆள் இல்லாமல். அவற்றையெல்லாம் fsck பொறுக்கிக்கொண்டு வந்து lost+found, அதாவது காணாமல் போய்க் கிடைத்தவை, என்ற ஃபோல்டரில் எண்ணைப் பெயராகப் போட்டு வைக்கும்.

அவள் யோசித்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"ஆடிப்பூரத் தேருக்கு மைக்குல நாந்தான் இருப்பேன். காணாமப் போன பிள்ளைகள என் பக்கத்துல கொண்டாந்து உக்கார வைப்பாவ. பேரு சொல்லத் தெரியாத சிறுசுங்க. சட்ட நெறத்தச் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஆத்தாமார் ஓடி வருவாவ. அது மாதிரியா அக்கா?"

"அதே மாதிரிதான்."

நிஜமாக ஓட்ட ஆரம்பித்தேன். நான்காவது பாஸில் அது ஒவ்வொன்றாகக் கேட்டது. இந்த ஐநோடு எதோடும் சேராமல் இருக்கிறது, lost+found-இல் சேர்க்கவா? ஆமாம் என்று தட்டினேன். அடுத்தது. ஆமாம். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஆமாம் சொல்ல ஒரு வழி உண்டு. பொதுவாக நான் அதைத்தான் செய்வேன். எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கு என்னவோ ஒவ்வொன்றுக்கும் கையால் தட்ட வேண்டும் போல் இருந்தது. சற்று நேரத்தில் செல்வராணியே விசையில் விரலை வைத்துக்கொண்டாள். கேள்வி வரும், தட்டுவாள். மழை பெய்துகொண்டே இருந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

4. எந்த நாளை?

lost+found-ஐத் திறந்தபோது பாய்க்கு வாயெல்லாம் பல். "வந்துருச்சா! அம்புட்டும் வந்துருச்சா!" ஒன்றை அமுக்கினார். ஸ்பீக்கரில் வந்தது அந்தக் குரல். "நாளை." கணீர் என்று. அறையில் திடீரென்று இன்னொரு ஆள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

செல்வராணி எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாய் அடுத்ததை அமுக்கினார். "நாளை." அடுத்ததும் "நாளை." அவர் முகம் மாறிவிட்டது. "மேடம், இதுல எது சாவு நாளை, எது சேல் நாளை?"

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அவள் ஒரே சொல்லை வெவ்வேறு விதமாகப் பேசி வைத்திருக்கிறாள். இறுதி ஊர்வலத்துக்குச் சொல்லும் நாளை, புடவைக்குச் சொல்லும் நாளை, கரண்டுக்குச் சொல்லும் நாளை. பெயரில் அந்த வித்தியாசம் இருந்தது. பெயர்தான் போய்விட்டதே. தனிச்சொல்லாகக் கேட்கும்போது எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்டன. குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று பழகிய பாய்க்குக் காது பாதி மந்தம். கண்ணால் பார்த்து ஒட்டியவளுக்கு, காதால் கேட்டால்தான் இனி வழி.

"தங்கச்சியக் கஷ்டப்படுத்த வேணாம்" என்றார் பாய். "நானே பாத்துக்கிடுறேன்."

சாயங்காலம் அனுப்ப வேண்டிய துக்க அறிவிப்பு ஒன்று இருந்தது. பாய் தன் காதை நம்பிச் சொற்களைத் தேடி எடுத்து ஒட்டி, ஸ்பீக்கரில் போட்டார். "அன்னாரது... இறுதி ஊர்வலம்..." என்று அடக்கமாகப் போன குரல் திடீரென்று துள்ளிக் குதித்து, "நாளை! காலை! பத்து மணி முதல்! அனைவரும் வருக!" என்றது. புடவைக் கடைத் திறப்பு விழாதான். முனியாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். பாய்க்கு வித்தியாசம் தெரியவில்லை. "சரியாத்தான இருக்கு?" என்றார்.

படியிலிருந்து தடதடவென்று சத்தம். செல்வராணி உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஏதோ கத்தினாள், காற்றுதான் வந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து காதைக் கொடுத்தோம்.

"செத்தவிய வீட்டுக்குப் போடுறதா இது? அவிய மக்கமாரு வாசல்ல நிப்பாவ, பாய்!"

சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் முதல் ஃபைலை ஓட்டினேன்.

அவள் கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிறகு உதடு அசைந்தது. "கரண்ட் நாளை." நான் அந்தப் பெயரை அடித்தேன். அடுத்தது. "சாவு நாளை." அடுத்தது. "தேரு. வடக்கு ரத வீதி." ஒவ்வொரு சொல்லும் ஓடும்போது அவள் வாயும் கூடவே அதைச் சொன்னது. சத்தமில்லாமல். உள்ளே அந்தக் குரல், வெளியே இந்த வாய், இரண்டும் ஒரே நேரத்தில். நான் கம்ப்யூட்டரோடு எத்தனையோ மதியங்களைக் கழித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. வந்ததைத் துடைத்துக்கொண்டு பெயரை அடித்தேன்.

விளக்கு போடும் நேரத்துக்கு அந்தத் துக்க அறிவிப்பு சரியான நாளையோடு ஆட்டோவில் போயிற்று. மீதிக்கு நான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் போனேன். இரண்டாவது நாளிலிருந்தே அவள் அழவில்லை. "இங்க மூச்சு வாங்கிருக்கேன், கேக்குதா? அப்ப சளி" என்று தன்னையே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முனியாண்டி எங்களுக்குப் பால்கோவா வாங்கித் தந்து தன் பாவத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நான் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியைச் செல்வராணியிடம் கொடுத்தேன்.

5. கடைசி ஃபைல்

எல்லாம் முடிந்து lost+found-இல் ஒன்றுதான் பாக்கி. அவள் அதைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

பதிவு நடக்கும்போது அவளுக்குப் போன் வந்திருக்கிறது. மைக்கை நிறுத்தாமலே எடுத்திருக்கிறாள். "ஹலோ... ஆமா, செல்வராணிதான் பேசுறேன். ரெக்கார்டிங்ல இருக்கேன். செத்த பொறுங்க, இந்தா வாரேன்." அவ்வளவுதான். அறிவிக்கிற குரல் இல்லை அது. ஒரு மனுஷி பேசுகிற குரல். ஊருக்கே பெயர் பெயராக அறிவித்தவள் தன் பெயரைச் சொன்ன ஒரே ஃபைல்.

"இதுக்கு என்ன பேரு போட?" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். தன் போனை நீட்டி, அதில் ஏற்றித் தரச் சொன்னாள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து ஏற்றிக் கொடுத்தேன்.

இந்த வேலையில் நான் கற்றதைச் சொல்லி முடிக்க வேண்டும் அல்லவா? நகல் எடுக்காமல் கை வைக்காதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டேன். இன்னொன்று: fsck முடிந்ததும் நிறையப் பேர் lost+found-இல் இருப்பதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். நானே மில்லில் அப்படி அழித்தவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். எண் மட்டும் உள்ள ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால், புரிகிற ஆளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் சொல்கிற வரை பொறுங்கள்.

போன வாரம் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். போன் அடித்தது. பாதிக் கண்ணில் எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ... ஆமா, செல்வராணிதான் பேசுறேன். ரெக்கார்டிங்ல இருக்கேன். செத்த பொறுங்க, இந்தா வாரேன்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குரல் நின்றது. பிறகு காற்று வந்தது. நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பொறுத்திருந்தேன்.

"அக்கா," என்றது காற்று, "சாப்ட்டாச்சா?"